மதினி ரோட்டில் நின்று பேசினாள்

மதினியின் குரலை நினைத்தால் பின்னாலேயே ஒரு பஸ் ஹாரனும் சேர்ந்து கேட்கிறது. ஜாம்பியாவில் நான் நர்ஸாக ஊழியம் செய்த கிராமத்தில் செல்போன் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து கல்லாக இறுகிப்போன ஒரு பழைய கரையான் புற்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதன்மேல் ஏறி நின்று தாராவிக்குப் போன் போடுவேன். படமெல்லாம் வராது, குரல் மட்டும்தான். நான் நின்ற இடத்தில் காற்றைத் தவிர வேறு சத்தம் இருக்காது. மதினி நின்ற இடத்திலோ நைன்டி ஃபீட் ரோடு முழுவதும் கூடி நின்று கத்தும். பஸ், ஆட்டோ, வடாபாவ்காரர், யாரோ யாரையோ இந்தியில் திட்டுவது, எல்லாவற்றுக்கும் இடையில் அவள், "நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம், நீ ஊழியத்தப் பாரு" என்பாள். வீட்டுக்குள்ளே போய்ப் பேசுங்களேன் என்று வாராவாரம் அலுத்துக்கொள்வேன். "உள்ள டவர் கிடைக்க மாட்டேங்கு பிள்ள" என்பது அவளுடைய பதில். பம்பாய் நகரத்தின் நடுவில் டவர் கிடைக்கவில்லை என்று ஒருத்தி சொன்னதை, ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு புற்றின்மேல் நின்றுகொண்டு நான் நம்பினேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தது அவர்கள் இருவரும்தான். அண்ணன் தோல் பட்டறையில் பை தைத்தான். மதினி விடியுமுன்னே கிளம்பி மாட்டுங்காவில் இரண்டு வீடுகளுக்குச் சமையல் செய்யப் போவாள். வீடு என்றால் ஒரே அறை; மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு மச்சு. அந்த மச்சில்தான் நான் படித்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு வலிப்பு வந்து, பிழைத்தால் ஊழியத்துக்குத் தந்துவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருந்தாளாம். பொருத்தனையைச் செய்துவிட்டு அவள் போய்விட்டாள். நிறைவேற்றும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. அவன் அதை ஒரு சுமையாக நினைத்ததே இல்லை. தங்கச்சியை நர்ஸ் படிக்க வைத்து, வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பும் ஆராதனையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் வேதக்கோயிலில் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போட்டுவைத்து, மிஷனரிகளுக்கென்று கோயிலில் கொண்டுபோய்ப் படைப்பார்கள். என்னை அந்த அரிசிதான் ஜாம்பியாவுக்கு அனுப்பியது. ரேஷன் அரிசியிலிருந்தும் எடுத்தார்கள், வீட்டில் ஆள் கூடி அரிசி குறைந்த நாளிலும் எடுத்தார்கள். மதினியின் கை பெரிய கை. நான் அங்கே சாப்பிட்ட ஒவ்வொரு வாயிலும் யாரோ இங்கே ஒரு வாய் குறைத்துக்கொண்ட கணக்கு இருந்தது. அது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கிராமத்தில் என் வேலை பெரும்பாலும் காசநோய்க்காரர்களோடுதான். பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. மாத்திரை அரசாங்கம் கொடுக்கும். அதை அவர்கள் விழுங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் என் ஊழியம். காலையில் வீடு வீடாகப் போவேன். மரத்தடியில் எதிரே உட்காருவேன். மாத்திரை, தண்ணீர், பிறகு "வாயைத் திற" என்று அவர்கள் மொழியில் சொல்வேன். நான் சுத்தமாகப் பேசக் கற்ற முதல் வாக்கியமே அதுதான். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்ப்பேன். ஒரு கிழவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, நான் போனதும் கோழிக்குத் துப்புவார். கண்டுபிடித்தபிறகு அவர் வீட்டில் மட்டும் கூடக் கொஞ்சநேரம் உட்கார்ந்து, மக்காச்சோளக் களியும் நம் நெத்திலி போன்ற கருவாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர் தேறி, மறு மழைக்கு மண்வெட்டியோடு காட்டில் நின்றதைப் பார்த்தபோது, ஜெபத்தில் கேட்டுப் பெற்ற எதுவும் அவ்வளவு நிச்சயமாக எனக்குத் தோன்றியதில்லை. ஒரு மனுஷனோடு தினமும் உட்கார்ந்திருப்பதே ஜெபம்தான் என்று அந்த ஊரில் எனக்குப் பட்டது. கோயிலில் பெண்கள் கைதட்டி ஆடிப் பாடும்போது பின்வரிசையில் நின்று இதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி.

வீட்டு ஞாபகம் வராமலில்லை. வந்தால், "ஆண்டவரே, என் இடத்தில் நீர் இருந்து பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரி ஜெபிப்பேன். மனசு லேசாகிவிடும். இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சொந்த வீட்டுக்குக் கடவுளை வாட்ச்மேனாக நிறுத்திவிட்டு, அடுத்தவர் வீட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம், ஒரு வியாழக்கிழமை, பக்கத்து டவுனில் இருந்த மிஷன் ஆபீசுக்கு மதினியின் போன் வந்து, அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து சொன்னான். புற்றின்மேல் ஏறிக் கூப்பிட்டேன். மறுமுனையில் ஹாரன் இல்லை. பஸ் இல்லை. எங்கள் அறையின் பழைய ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "உங்கண்ணன் போயிட்டாவ பிள்ள. நேத்து அடக்கம் முடிஞ்சிட்டு. நீ வந்து சேர முடியாதுல்லா, அதான் காத்திருக்கல" என்றாள். என்ன நோய் என்று கேட்டேன். சொன்னாள். நான் புற்றிலிருந்து எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை.

தாராவிக்கு வந்தபிறகுதான் மிச்சம் தெரிந்தது. நான் போன மறுவருஷமே அண்ணனுக்கு இருமல் தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது குமட்டலும் மயக்கமுமாக வந்து பட்டறையில் உட்கார முடியவில்லை. கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிட்டான். நோய் திரும்பி வந்தபோது அந்த மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. எனக்குச் சொல்லக்கூடாதென்று உத்தரவு போட்டவன் அண்ணன்தான். கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையைப் பாதியில் திரும்பக் கேட்கக் கூடாதாம். ஒரே அறைக்குள் இருமலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது? எனக்கு இருமலைக் காதில் கேட்டாலே இன்னது என்று தெரியும் என்பது மதினிக்குத் தெரியும். அதனால் இருமலை வீட்டில் விட்டுவிட்டு அவள் போனோடு ரோட்டுக்கு வந்திருக்கிறாள். வாராவாரம், மழையிலும்.

நான் ஜாம்பியாவுக்குத் திரும்பவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து, இதெல்லாம் தேவ சித்தம் என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷர், வேறு என்ன சொல்வார். எனக்குக் கடவுள்மேல் கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் கம்மி என்பதும் தெரிந்தது. அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தவள் நான். என் அண்ணன் வாயைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. அதற்கும் கடவுளைத்தான் வரச்சொல்ல வேண்டுமா? தெரியாமல் நடந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று எல்லோரும் சொன்னார்கள். சரிதான். தெரியாமல் இருக்கும்படி என்னை அத்தனை அருமையாகப் பாதுகாத்தார்களே, அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

வந்த சில வாரங்களில், ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே மதினி சாதாரணமாகக் கேட்டாள்: "அந்த ஊருல மாத்திரைய எப்படிக் குடுப்ப? கையில குடுத்து விட்ருவியா, இல்ல நின்னு பாப்பியா?"

கேள்வி எங்கிருந்து வருகிறதென்று எனக்குப் புரிந்தது. விடிகாலையில் மாட்டுங்காவுக்குக் கிளம்புகிறவள், மாத்திரையை டம்ளர் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுப் போயிருப்பாள். போட்டுக்கொண்டேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். உண்மையைச் சொன்னால் அண்ணன் செத்த பழியைத் தூக்கி இவள் மடியில் போட்டதாகிவிடும். "கையிலதான் குடுத்து விடுவேன் மதினி. அவங்கவங்க போட்டுக்கிடுவாங்க" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ரசத்தை ஊற்றினாள். இத்தனை வருஷ ஊழியத்தில் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் கடவுளுக்குப் பிடித்திருக்கும் என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது தாராவியிலேயே ஒரு சிறிய கிளினிக்கில் வேலை. இங்கும் காசநோய்க்காரர்கள்தான். கோவண்டியிலிருந்துகூட வருகிறார்கள். காலையில் வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திற என்பதை இந்தியில் "மூங் கோலோ" என்கிறேன். மொழிதான் மாறியிருக்கிறது. மதினி மாட்டுங்கா வேலையை விட்டுவிட்டாள். வழக்கமாக மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அந்த நேரத்தில் நோயாளி யாரும் இருக்கமாட்டார்கள். போன மாதம் ஒருநாள் கோயிலில் பெண்கள் கூட்டம் இருக்கிறதென்று காலையிலேயே டப்பாவோடு வந்துவிட்டாள். நான் ஒரு டாக்ஸி டிரைவரின் நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசலில் நிற்கிறாள்.

டிரைவர் போனபின் உள்ளே வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அங்கயும் இப்படித்தான?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியும். கோழிக்குத் துப்புத கெழவன் கதைய நீதான போன்ல சொன்ன. நாங்கூட உங்கண்ணன்ட்டச் சொல்லிச் சிரிச்சேன்."

நான் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது.

"தெரிஞ்சும் நான் ஒருநாளும் அவுகள வாயத் தொறன்னு கேக்கல. கட்டுன புருசன்ட்ட எப்படிக் கேக்க? போட்டுட்டேன்னு சொன்னா, சரின்னு விட்டேன்." டப்பாவை மடியில் வைத்து அதன் பிடியை நிமிர்த்துவதும் மடக்குவதுமாக இருந்தாள். "அன்னைக்குச் சோறு போடும்போது உன்ட்ட எதுக்குக் கேட்டேன்னு நெனைக்க? நீ ஏசுவேன்னுதான். ஒருத்தராவது என்னை ஏசுவாங்கன்னு பாத்தேன். ஐயரும் ஏசல, நீயும் ஏசல."

இரக்கம் என்று நினைத்து நான் கொடுத்தது இரக்கமே இல்லை. அவள் இறக்கிவைக்கக் கொண்டுவந்த பாரத்தை, இது பாரமே இல்லை என்று சொல்லித் திருப்பி அவள் தலையிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதைக் கடவுள் கணக்கிலும் எழுதியிருக்கிறேன்.

"கேட்டிருக்கணும் மதினி" என்றேன். "நீங்க வாயத் தொறக்கச் சொல்லியிருக்கணும். எங்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன். அண்ணன் பொழச்சிருப்பான்."

அவள் தலையை ஆட்டினாள். கேட்கவேண்டியதைக் கேட்டவள்போல நிதானமாகத்தான் ஆட்டினாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அண்ணன் போனபிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவளுக்காக ஜெபிக்கலாம் என்று ஒரு கணம் வழக்கம்போலத் தோன்றியது. ஜெபிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.