செவ்வந்தியின் ஞாயிற்றுக்கிழமை வேலை

ராஜினாமாக் கடிதம் டைப் அடிக்கத்தான் செவ்வந்தி என் கடைக்கு வந்தாள். பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை எல்லாம் பார்க்கும் கடை. ஆஸ்பத்திரி வேலையை விடுகிறாளோ என்று பார்த்தால், இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலையை விடுகிறாளாம். எனக்குச் சுருக்கென்றது.

வாரம் ஆறு நாள் பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள் அவள். மாதம் இருபத்திரண்டாயிரம். ஞாயிறு விடிந்தால் ஏரிக்கரையில் நிற்பாள். ஏரியை ஆராயும் ஒரு அமைப்புக்காக, எந்தப் படகில் எவ்வளவு இறால், எவ்வளவு நண்டு, எவ்வளவு மடவை மீன் என்று எடை பார்த்து எழுத வேண்டும். அதற்கு மாதம் ஒன்பதாயிரம். ஆறு நாளும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரிப்பாள்.

"இன்னாத்துக்கும்மா வுடுற?"

"ஏரி வேலையில ஒரு வருசத்துக்கு வரின்னு பத்தாயிரத்து எட்நூறு புடிச்சிட்டாங்கண்ணா. ஆஸ்பத்திரில புடிக்கவே இல்ல. ரெண்டு வேலை பாத்தா ரெண்டு வரி, அபராதமும் வரும்னு கூட வேலை செய்றவங்க சொல்றாங்க. எனக்கு பயமா கீது."

சொன்னவர்கள் வாயில் மண்ணைப் போட. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"ரெண்டு வேலைக்கு ரெண்டு வரி கெடையாது. ரெண்டு வருமானத்தையும் கூட்டி ஒரே கணக்கு. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அவங்க குடுக்கற சம்பளம்தான் தெரியும். அது வரம்புக்குள்ள கீது, புடிக்கல. ஏரி வேலை குடுத்தவங்க சம்பளமா குடுக்கல, செஞ்ச வேலைக்குக் கட்டணம்னு குடுக்கறாங்க. அதான் நூத்துக்குப் பத்து முன்னாடியே புடிச்சி ஒன் கணக்குல கட்டிட்டாங்க. ரெண்டையும் சேத்தாலும் ஒனக்கு வரியே வராது. ரிட்டர்ன் போட்டா அத்தனையும் திரும்பி வரும்."

பெருமையாகக் கம்ப்யூட்டரில் அவள் வரிக் கணக்கைத் திறந்தேன். பிடித்த வரி என்ற இடத்தில் ஒரு பைசா இல்லை. அவள் முகம் செத்துப்போனது.

"ஏரி வேலைக்கு யாரோட பான் கார்டு குடுத்த?"

"அவரோடது." கணவன் லோகேஷைச் சொன்னாள். "என் கார்டுதான் ஆஸ்பத்திரில கீதே. ஒரே பேரு ரெண்டு எடத்துல நிக்கக் கூடாதேன்னு..."

திட்ட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஒரு பேருக்கு ஒரு இடம்தான். இரண்டு இடத்தில் நின்றால் ஊர் தண்டம் போடும். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படி யோசிப்பாள்?

"அது பாடு போடறதுக்கும்மா. வரிக்கு நேர் தலைகீழ். எத்தினி வேலை பாத்தாலும் ஒரே ஆளு, ஒரே கார்டு."

"அப்ப என் பணம் போச்சா?"

"போவல. பணம் குடுத்தவங்களே கார்டு நம்பர மாத்தி வரி ஆபீசுக்குத் திருத்தம் அனுப்பணும். அவங்களுக்கு எழுதறேன், உக்காரு."

ராஜினாமாவுக்குப் பதில் அந்தக் கடிதம் போனது. மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. அவளுக்குச் சொல்லாமல் தினமும் ஒரு தடவை அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். நாலாவது வாரம் அவள் வரிக் கணக்கில் அந்தத் தொகை ஏறியது. அன்றே ரிட்டர்ன் போட்டேன்.

பிடித்த பணம் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை மீன் வாங்கப் போனபோது தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "பெரிய நிம்மதிண்ணா. நேத்துதான் நல்லா தூங்கினேன்," என்றாள்.

நண்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த லோகேஷ் விடுவானா? "ஒரு வருசம் என் பேர்ல சம்பாரிச்சிகீறா, எனக்கே தெரில. என் பங்கு எங்கன்னு கேளுண்ணே."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"ஒன் பேர எடுத்தாச்சி," என்றாள். "இது என் பேர்ல நான் சம்பாரிச்சது. கூடைய வை, எட போடணும்."