பித்தளை ஐபீஸில் பீளை

முதல்லயே சொல்லிடறேன். இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்ல. எனக்கு நடந்தது. என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நடந்தது. சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கங்க. ஆனா தயவுசெஞ்சு சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். ஆபரேஷன் முடிஞ்சு வர்ற கத்தி, கத்திரி, இடுக்கியை எல்லாம் கழுவி, நீராவி மெஷின்ல வச்சு, கிருமி இல்லாம எடுத்துக் குடுக்கணும். ரத்தமும் சீழும் தொட்டுப் பழகின கை இது. ஆனா வீட்டுல ஒரு டம்ளர் விளிம்புல லேசா பிசுக்கு தட்டுப்பட்டா போதும், எனக்குத் தண்ணி தொண்டையில இறங்காது. அதனால என் வீட்டுக்காரர் எனக்கு வச்ச பேரு 'இன்ஸ்பெக்டரம்மா'.

அவர் பஸ் டிரைவர். வருஷா வருஷம் கண் டெஸ்ட்ல தேறினாத்தான் ஸ்டியரிங்கைத் தொட விடுவாங்க. போன வருஷமே இடது கண்ணு மங்கல்னு டாக்டர் சொல்லிட்டார். "வலது கண்ணு பளிச்சுன்னு இருக்கு, அதை வச்சு ஓட்டலாம்"னு கையெழுத்து போட்டார். அந்த ஒத்தைக் கண்ணை நம்பித்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுதுன்னு வச்சுக்கங்க. இந்த வருஷ டெஸ்ட்டுக்கு அப்போ இன்னும் ஒரு மாசம்கூட இல்ல.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. பழைய ஐபீஸ் சேர்க்கறது. தொலைநோக்கின்னா எல்லாரும் அந்தப் பெரிய குழாயைத்தான் நினைப்பாங்க. அதோட கடைசியில, நாம கண்ணை வைக்கிற இடத்துல, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னக் குழாய் சொருகியிருக்கும். அதுதான் ஐபீஸ். தனியா கழட்டி வேற மாட்டலாம். அந்தக் காலத்து ஐபீஸ் பித்தளையில கடைஞ்சிருப்பாங்க, உள்ள ரெண்டு சின்னக் கண்ணாடி வில்லை. சும்மா அலமாரியில வச்சு அழகு பாக்குற ஆள் இல்ல நான். எது கிடைச்சாலும் கழுவித் துடைச்சு, மொட்டை மாடியில என் தொலைநோக்கியில போட்டுப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். "ஊர்க் குழந்தைங்க பல்லு சேர்க்கிற மாதிரி இதைப் போய் சேர்க்கிறியே"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். பித்தளை வந்தா போன் பண்ணுவார். அன்னைக்கும் பண்ணினார். போனேன். ஒரு ஐபீஸைத் துணியில பிடிச்சு எடுத்து மேஜை மேல வச்சார். உடனே பின்பக்கம் போய் கையைக் கழுவினார்.

"எங்க கிடைச்சுது?"

"ஒரு வீட்டைக் காலி பண்ணினாங்க. எடுத்துட்டுப் போங்கம்மா, சீக்கிரம்."

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்துல பாத்தேன். வேலைப்பாடு அப்படி ஒரு அருமை. ஆனா கண்ணை வைக்கிற விளிம்பு பூரா மஞ்சளா ஒரு பொருக்கு. நகத்தால லேசா சுரண்டினேன். மேல காய்ஞ்சிருந்தது, அடியில கொழகொழன்னு இருந்துச்சு.

பீளை.

தூங்கி எழுந்ததும் கண்ணு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதேதான். யாரோ ஒருத்தரோட கண் அழுக்கு என் நகத்துக்குள்ள. உவ்வே! மூணு தடவை சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன். அப்பவும் அந்த விரலால எதையும் தொட மனசு வரல.

சும்மா விட்டேனா? கையுறை போட்டுக்கிட்டு, குச்சியால சுரண்டி, ஸ்பிரிட்ல ஊறவச்சு, மரையைத் திருகிக் கழட்டி, வில்லை ரெண்டையும் தனித்தனியா சோப்புத் தண்ணியில அலசினேன். பஞ்சு மேல காயவச்சு, திரும்பப் பூட்டி, புதுத் துணியில சுத்தி டப்பாவுல மூடி வச்சேன். வில்லை பளிங்கு மாதிரி இருந்துச்சு.

மறுநாள் சாயந்தரம் திறந்தா துணி ஈரம். விளிம்புல மஞ்சளா ஒரு கோடு.

பழைய பித்தளையில மரைக்குள்ள கிரீஸ் இருக்கும், சூட்டுல இளகி வெளிய கசியும். இது சேர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். கிரீஸ்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் துடைச்சேன். ஆனா கிரீஸுக்கு அந்த வாடை வராது. நாள்பட்ட புண்ணுக் கட்டைப் பிரிக்கும்போது குப்புன்னு ஒண்ணு வரும் பாருங்க, அந்த வாடை.

அன்னைக்கு ஏழு மணி இருக்கும். மேல அரை நிலா. மொட்டை மாடியில தொலைநோக்கியை வச்சு, அந்த ஐபீஸைச் சொருகினேன். பழைய ஐபீஸ்ல ஒரு தொல்லை உண்டு. தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. கண்ணைக் கண்ணாடியோட ஒட்டி வைக்கணும், இமை முடி வில்லையில உரசுற அளவுக்கு. அருவருப்பை அடக்கிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வச்சேன்.

அடேயப்பா! நிலாவோட பள்ளம் ஒவ்வொண்ணும் கத்தியால செதுக்கின மாதிரி. வாடையை மறந்துட்டேன். பாத்துக்கிட்டே இருந்தேன்.

அப்புறம்தான் நிலாவோட இருட்டுப் பக்கத்துல அதைக் கவனிச்சேன்.

ஒரு கண்ணு. மங்கலா. என்னைப் பாத்துக்கிட்டு.

நான் பயப்படல. சத்தியமா பயப்படல. ஏன்னா இதுவும் எங்களுக்குப் பழக்கம்தான். அந்தக் காலத்து வில்லைக்கு மேல்பூச்சு கிடையாது. நிலா வெளிச்சம் நம்ம கண்ணு மேல பட்டு, வில்லையில எதிரொளிச்சு, நம்ம கண்ணே நமக்குத் தெரியும். புதுசா பாக்குறவங்க அலறுவாங்க. நாங்க சிரிப்போம். நானும் சிரிச்சேன்.

ஆனா அந்தக் கண்ணோட இமை முடியெல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஓரத்துல மஞ்சளா கட்டியிருந்துச்சு.

கீழ ஓடிப்போய் கண்ணாடியில பாத்தேன். என் கண்ணு சுத்தமா இருந்துச்சு. வில்லையில அழுக்கு இருக்கும், அது கண்ணு மேல இருக்குற மாதிரி தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் கையில ஒரு பதில் வச்சிருந்தேன் பாருங்க.

டியூட்டி முடிஞ்சு வந்த வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, நமக்கும் கொஞ்சம் நிலாவைக் காட்டுறது."

குனிஞ்சு பாத்தார். டக்குன்னு தலையை எடுத்தார்.

"உள்ள யாரோ இருக்காங்க."

"அது உங்க கண்ணுதாங்க. எதிரொளிக்குது."

"என் கண்ணா? இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"நல்லா ஒட்டி வச்சுப் பாருங்க. பழகிடும்."

நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். அவர் வலது கண்ணை வச்சு ஒட்டிப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். நடுவுல ஒரே ஒரு தடவை பேசினார்.

"இமை முடி கூசுதும்மா."

"உங்க முடி கண்ணாடியில படுது, அதான்."

"இல்ல... நான் இமைக்காதப்பவும் கூசுது."

காலையில அவர் வலது கண்ணைத் திறக்க முடியல. மேல் இமையும் கீழ் இமையும் பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்துச்சு. மஞ்சள் பொருக்கு. தலையணை உறையில வட்டமா ஈரம். சுடுதண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சேன். துடைக்கத் துடைக்க வந்துச்சு. அதே வாடை.

கட்டின புருஷன். அவர் கண்ணைத் துடைக்க எனக்குக் குமட்டுது. சமையலறையில போய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.

கண் டாக்டர் பாத்துட்டு, "சாதாரணத் தொற்றுதான், சொட்டு மருந்து விடுங்க, டெஸ்ட்டுக்குள்ள சரியாயிடும்"னார். நாலு நாள் விட்டோம். குறையல. வேலையில இருந்து லீவு. அவர் தமாஷ் பண்றதையே நிறுத்திட்டார். ராத்திரி பூரா படுக்கையில உக்காந்து, "ரைட்டு கண்ணு போச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தார்.

அஞ்சாம் நாள் அந்தச் சனியனைப் பையில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். நீராவி மெஷின்ல வச்சா வில்லை பாழாப் போயிடும். தெரிஞ்சேதான் வச்சேன். எந்தக் கிருமியா இருந்தாலும் வெந்து சாகட்டும்.

மத்தியானம் ஒண்ணே கால். கூட வேலை பாக்குற அக்கா சாப்பிடப் போயிட்டாங்க. தட்டுல அது ஒண்ணை மட்டும் வச்சு மூடினேன். மெஷின் 'உஸ்ஸ்ஸ்'னு இரைஞ்சுது. ஓடி முடிச்சு, 'டிங்'னு மணி அடிச்சுது.

திறந்தேன்.

தட்டு காஞ்சு கிடந்துச்சு. ஐபீஸ் விளிம்பு மட்டும் ஈரம். மஞ்சளா, புதுசா, இப்பத்தான் வழிஞ்ச மாதிரி. அதுல ஒரு முடி. வளைஞ்சு, நரைச்சு... இமை முடி.

அந்தச் சூட்டுல முடி கருகாம எப்படி இருக்கும்?

அது ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் கையுறையோட எடுத்தேன். ஜன்னல் பக்கம் நீட்டி, தள்ளிப் பிடிச்சுப் பாத்தேன்.

இருந்துச்சு. அந்தக் கண்ணு.

எதிரொளிப்பா இல்லையான்னு சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. முன்பக்கத்தை, அதாவது தொலைநோக்கிக்குள்ள சொருகுற பக்கத்தை, அடைச்சிடணும். வெளிச்சம் போகலன்னா எதுவும் எதிரொளிக்காது. இந்த ஒரு சோதனையை முதல் நாளே பண்ணியிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கட்டைவிரலால முன்பக்கத்தை அழுத்தி மூடினேன். உள்ள கும்மிருட்டு.

கண்ணு போகல.

இன்னும் தெளிவாத் தெரிஞ்சுது...

நான் இமைக்கல.

அது இமைச்சுது.

கையுறைக்கு மேல, என் கட்டைவிரல் நுனியில... மெல்ல... ஈரமா... ஒரு வரிசை முடி உரசிட்டுப் போச்சு.

"ச்சீ!"

வீசினேன். சுவத்துல 'டங்'. தரையில 'டணங்'. உருண்டுச்சு. நின்னுச்சு. கண்ணு வைக்கிற பக்கம் என்னைப் பாத்து நின்னுச்சு.

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அக்கா வந்து பாத்துட்டு, "என்னடி, மாசமா இருக்கியா?"ன்னாங்க. நீள இடுக்கியால அதைத் தூக்கி, ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கிற உலைக்குள்ள நானே போட்டேன். கதவு மூடுற வரைக்கும் நின்னேன். சாயந்தரம் சாம்பல் அள்ளுறவரைக் கேட்டேன். பித்தளை உருகி ஓடிக் கிடக்குன்னார்.

மறுநாள் காலையில வீட்டுக்காரர் ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டு எழுந்தார். தலையணை காஞ்சிருந்துச்சு. பொட்டு பீளை இல்ல. "இன்ஸ்பெக்டரம்மா, காப்பி எங்க?"ன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. மிச்சமிருந்த ஐபீஸ் அத்தனையையும் அன்னைக்கே குப்பையில கொட்டினேன். ஒண்ணையும் கையால தொடல.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்ட். போன வருஷம் கையெழுத்து போட்ட அதே டாக்டர். நானும் கூடப் போனேன். இடது கண்ணை அட்டையால மறைச்சு, "எழுத்துப் பலகையை மேலேருந்து வாசிங்க"ன்னார். என் வீட்டுக்காரர் அடி வரியில இருந்து ஆரம்பிச்சார். எறும்பு சைஸ் எழுத்தையெல்லாம் தடங்கலில்லாம வாசிச்சுக்கிட்டே ஒவ்வொரு வரியா மேல போய், கடைசியா பெரிய எழுத்தைச் சொன்னார்.

"குறும்புதான் உங்களுக்கு. பார்வை பிரமாதம்"னார் டாக்டர். சிரிச்சுக்கிட்டே டார்ச்சை எடுத்து வலது கண்ணுக்குள்ள அடிச்சார்.

சிரிப்பு நின்னுச்சு.

திரும்ப அடிச்சார். மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் என்னை மட்டும் வெளிய கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்துச்சு.

"அந்தக் கண்ணுல நரம்பு செத்துப்போச்சும்மா. வெளிச்சத்துக்குக் கண்பாப்பா அசையவே இல்ல. அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்ல."

"இப்பத்தானே சார் வாசிச்சார்?"

"அதான் எனக்குப் புரியல. நான் கையெழுத்து போட மாட்டேன். மன்னிச்சுக்கங்க."

வேலை போச்சு. வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்னோம். நான் கேட்டேன்.

"ஏங்க, டாக்டர் மேலேருந்துதானே வாசிக்கச் சொன்னார்? ஏன் கீழேருந்து வாசிச்சீங்க?"

அவர் இடது கண்ணைக் கையால பொத்திக்கிட்டார். வலது கண்ணால என்னைப் பாத்தார்.

"நான் மேலேருந்துதானே வாசிச்சேன்? எனக்குச் சின்ன எழுத்துதான் மேல இருந்துச்சு. இந்தக் கண்ணுல பாத்தா நீகூட தலைகீழாத்தாம்மா நிக்கிற."

நட்சத்திரம் பாக்குற தொலைநோக்கியில கண்ணை வச்சா எதைப் பாத்தாலும் தலைகீழாத்தான் தெரியும். அதை நான் அவர்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. உலையில உருகினது பித்தளை மட்டும்தான்.