பாட்டில் பார்க்கும் கண்

மருந்து பாட்டில் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் தெரியும். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகரும் காலி பாட்டில்களில் தூசி, கீறல், குமிழி என்று எது இருந்தாலும், பதினாறு வருஷமாக அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. வீட்டில் புருஷன்கூட டம்ளரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவித்தான் அவளிடம் நீட்டுவார்.

அப்படிப்பட்டவள் ஒரு வாரம் நல்ல பாட்டில்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். எதை எடுத்தாலும் அதில் கரும்புள்ளி மிதந்தது. சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்து, சுத்தமாகத்தானே இருக்கிறது என்றார். உங்களுக்குத்தான் வயசாகிவிட்டது என்று அவரிடமே மல்லுக்கு நின்றாள். தன் கண்ணில் கோளாறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் தப்பு பாட்டிலில்தானே இருந்தது. அந்த வீம்புக்கு வலது கண்ணைக் கொடுத்தாள். எட்டாம் நாள் அதில் பாதிக்கு மேல் இருட்டு.

கண் டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே பதுங்கிக் கிடந்து, பல லட்சத்தில் ஒருவருக்கு இப்படி விழித்திரையைத் தின்னுமாம். அந்தக் கண்ணில் பார்வை திரும்பாது. இடது கண்ணுக்கும் அது தாவலாம். மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும், ஒரு புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள். ஒரே ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று இடது கண்ணைச் சோதித்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒற்றைக் கண்ணோடு வேலைக்குப் போய் நின்றாள். சூப்பர்வைசர் மென்று விழுங்கினார். கடைசியில், ஐந்து தட்டு பாட்டிலில் பழுதானதையெல்லாம் பொறுக்கிவிட்டால் வேலை உண்டு என்றார். மூன்று தட்டு மளமளவென்று முடிந்தது. நாலாவதில் முதல் பாட்டிலைத் தூக்கினாள். ஒரு புள்ளி. பாட்டிலைக் கீழே வைத்தாள். புள்ளி போகவில்லை.

கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை கைக்கு வந்துவிடும். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் ரெண்டு தட்டு இருக்கும்மா. மேல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் சூப்பர்வைசர்.

"பாதியில போயிட்டேன்னு சொல்லுங்க சார். இந்தக் கண்ணும் போயிட்டா அப்புறம் தட்டு எதுக்கு?"

அன்று மாலைக்குள் கண்ணில் ஊசி போட்டார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஓரத்தில் மட்டும் பிடித்திருந்ததை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கதையே வேறு என்றார் டாக்டரம்மா. இனி வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று புருஷன் கெஞ்சினார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி சூப்பர்வைசர் அறைக்குள் நுழைந்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று அவர் இழுத்தார். அவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆள் இருந்தா இருக்கட்டும் சார். மிச்சம் ரெண்டு தட்டு இருக்கே, அதைக் கொண்டு வரச் சொல்லுங்க."