நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி

தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்த நான்கு வருடமும் ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துவந்தேன். பள்ளியில் தமிழ்வழி என்பதால், சிறு துண்டுகளுக்கு ஆங்கிலத்தில் இத்தனை பெயர் இருப்பது பாடத்தைவிடக் கடினமாக இருந்தது. ரொட்டியிலிருந்து உதிர்ந்தால் கிரம்ப். மரத்திலிருந்து பிரிந்தால் ஸ்ப்ளின்ட்டர். பானையோ கண்ணாடியோ உடைந்தால் ஷார்ட். விளிம்பு மட்டும் பெயர்ந்தால் சிப். மெல்லிய ஏடாக உரிந்தால் ஃபிளேக். என்னவென்று தெரியாத புள்ளி என்றால் ஸ்பெக். எங்கள் வீட்டிலும் அரிசிக்குக் குருணை, நொய், தவிடு, உமி என்று இருந்ததால் பட்டியல் பழகிவிட்டது. ஒன்றை மட்டும் அப்போது கவனிக்கவில்லை. இவற்றில் பாதிச் சொற்கள் துண்டின் அளவைச் சொல்வதோடு நிற்பதில்லை. அது எதிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றன.

படிப்பு முடிந்து பாபநாசம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் தர ஆய்வாளராகச் சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்றுமதிக்குப் போகும் சீரகச் சம்பாவை இயந்திரம் சலித்துத் தந்த பிறகும் மேசையில் கொட்டி, நான்கு பெண்கள் கையால் கல் பொறுக்குவார்கள். மூட்டை கட்டுமுன் அதிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து, கறுப்புத் தாள்மேல் வைத்த கண்ணாடியில் பரப்பி, முழு அரிசி, குருணை, கல், தூசி என்று பிரித்து எடை போடுவேன். அந்தக் கண்ணாடி, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வெட்டி வாங்கியது.

பார்த்து முடித்த அரிசியைத் திரும்ப மூட்டையிலேயே கொட்ட வேண்டும். கல்லூரியில் கற்றது இதற்கு நேர் எதிர். சேர்ந்த அன்று நான் கிண்ணத்தோடு குப்பைக்கூடையை நோக்கிப் போனபோது பாய் குறுக்கே வந்துவிட்டார்.

"சோறும்மா அது" என்றார்.

அதன்பிறகு நானும் மூட்டையிலேயே கொட்டினேன்.

மேசையில் இரண்டாவதாக உட்காரும் அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து, இரு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களுடன் வேலைக்கு வந்தார். பிரசவம்வரை கழற்றக்கூடாது என்பதால் பாயும் ஒன்றும் சொல்லவில்லை. வளையல்களின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு அரிசி பொறுக்கினார்.

"என்னடி, கைக்குக் கட்டு? யாரை அடிச்சே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எம் மாமியாளைத்தான். திருப்பி அடிச்சிட்டாங்க."

சில வாரம் கழித்து, அரிசி வாங்கும் சென்னை ஏற்றுமதியாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு புகைப்படம்: அரிசிக்கு நடுவே பச்சை ஓரத்துடன் ஒரு கண்ணாடித் துண்டு. என்னவென்று கேட்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் பதில் எழுதினேன். ஷார்ட் என்பது பெரிதாகத் தோன்றியது, ஸ்பெக் என்பது மழுப்பலாக. பச்சையைப் பார்த்ததும் அந்த அக்காவின் வளையல்தான் என்று முடிவுசெய்து, 'பேங்கிள் சிப்' என்று எழுதினேன். சரியான சொல் கிடைத்த திருப்தி எனக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே பாய் அந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ பிரசவத்தை முடிச்சிக்கம்மா. அப்புறம் பாப்போம்."

"அப்புறம்னா எப்ப பாய்?"

"பாப்போம்மா."

மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வளையல் அணிந்து வேலை செய்யக்கூடாது என்ற அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்து ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து அந்தத் துண்டே கூரியரில் வந்தது. கோப்புக்காக வெர்னியரில் அளந்தேன். நீளம் நான்கு மில்லிமீட்டர், அகலம் மூன்று, தடிமன் இரண்டு. இரு பக்கமும் தட்டை. எங்கே அளந்தாலும் அதே தடிமன். வளையல் துண்டில் எங்காவது வளைவு இருக்க வேண்டும். என் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்; நிறமற்ற கண்ணாடிதான், ஆனால் அதன் ஓரமும் பச்சையாகத் தெரிந்தது. கழுவும்போது குழாயில் இடித்து அதன் மூலை பெயர்ந்திருந்தது எனக்குத் தெரியும். எப்போது இடித்தது என்று நினைவில்லை. துண்டை இடுக்கியால் பிடித்து அங்கே வைத்தேன். பொருந்தியது. பெண்கள் பொறுக்கி முடித்த பிறகு வெளியே எடுத்து மூட்டைக்குத் திரும்பப் போவது என் கிண்ணத்து அரிசி மட்டும்தான். இதைப் பதில் எழுதிய அன்றே யோசித்திருக்கலாம்.

இரண்டையும் பாயின் மேசைமேல் வைத்தேன்.

"இது வளையல் இல்ல பாய். என்னோட கண்ணாடி."

அவர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அவங்கதான் நம்ம பதில ஏத்துக்கிட்டாங்களேம்மா. நாமளே போயி கிளறணுமா?"

"அந்த அக்காவ நிறுத்திட்டோமே."

"வரச் சொல்லு. அதுக்கு மெயில் எதுக்கு?"

"வளையல்னு எழுதுனது நான். அடுத்த தடவை எது கெடைச்சாலும் அவங்க இந்தப் பொம்பளைங்க கையத்தான் கொற சொல்வாங்க."

"ஆர்டர் போச்சுன்னா?"

"போகலாம் பாய்."

"நல்லாத்தான் தைரியம் சொல்றே" என்றார். துண்டைக் கண்ணாடியின் மூலையில் தானே வைத்துப் பார்த்தார். பிறகு, "எழுது. பெரிய வார்த்தையா எதுவும் போட்டுடாத" என்றார்.

நோட்டில் இருந்த எந்தச் சொல்லையும் போடவில்லை. மூன்று அளவுகள், எங்கிருந்து விழுந்தது, இனி ஆய்வு செய்த அரிசி மூட்டைக்குத் திரும்பாது என்ற உறுதி. அவ்வளவுதான். அந்த அரிசி காவலாளியின் கோழிகளுக்குப் போகட்டும் என்று பாய் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் கைகள் வெறுமையாக இருந்தன.

"கழட்டிட்டேன் மேடம். இருபத்தோரு வளையல் போட்டாங்க, எண்ணுனா பத்தொம்போதுதான் இருக்கு. ரெண்டு எங்க ஒடஞ்சுச்சுன்னே தெரியல. அப்ப நான்தானேன்னு..."

"நீங்க இல்லக்கா. அது என் கண்ணாடி. சரியாப் பாக்காம எழுதிட்டேன்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "படிச்சவங்க பண்ற வேலையா இது? புள்ளத்தாச்சி கைய மூளியாக்கிட்டு!"

நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஒம்பதாம் மாசம் ஆரம்பிக்கப் போவுது. இனிமே உக்கார முடியாது மேடம். கொழந்த பொறந்து மூணு மாசத்துல வரேன். அதுவரைக்கும் எடம் இருக்கும்னு பாய எழுதித் தரச் சொல்லுங்க. வாயால சொன்னா, பாப்போம்னுதான் சொல்வாரு."

மறுநாள் காலை, ஆலையின் தாளில் தமிழில் எழுதினேன்: அரிசியில் கிடந்த கண்ணாடி ஆய்வறையிலிருந்து விழுந்தது, தவறு ஆய்வாளருடையது, மேசையில் இரண்டாவது இடம் இவருக்கே உரியது. கீழே நான் கையெழுத்திட்டிருந்தேன்.

பாய் இரண்டு தடவை படித்தார். "உன் கையெழுத்து எதுக்கும்மா?"

"இருக்கணும் பாய்."

அவரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அக்கா வாசலில் நின்றபடியே, உள்ளே மாமியாருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். தவறு யாருடையது என்ற வரியை மட்டும் இரண்டு முறை.