பூசிய மாடம்

"...அணைக்காமயே செங்கல் வெச்சுப் பூசிட்டாங்க பாப்பா, உள்ள இன்னும் எரிஞ்சிகினு இருக்குது" என்றார் அஞ்சலை அக்கா, ஓவியக்கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி. திரி கருகும் வாசனை எனக்கும் அடித்தது.

"ஒயர் காயுதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் காவலாளி.

இதே வாசனை, இதே சுவர். நெய்வேலியில் சுரங்கத்துக்காக ஊரையே இடித்தபோது, சாமான் போட்டு வைக்க அக்கா பிறந்த இந்த வீட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அது கூட்டுறவு ஸ்டோர் ஆனது; இப்போது ஓவியக்கூடம். ஸ்டோராக இருந்தபோது, சின்ன வயதில், எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அக்காவோடு அரிசி வரிசையில் நிற்பேன். என் கையைப் பிடித்துச் சுவரில் வைப்பார். மார்கழியிலும் அந்த இடம் மட்டும் காய்ச்சல் கண்ட நெற்றிபோல் சுடும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அங்கே கரி ஏறிவிடும்.

அதன் பின்னால் விளக்கு மாடம். வீட்டைக் காலி செய்து வெளியேறிய அன்றும் அக்காவின் அம்மா அதில் விளக்கேற்றினாராம். அணைக்கப் பயந்த மேஸ்திரி அப்படியே பூசிவிட்டாராம்.

எங்கள் பக்கம் விளக்கை ஊதமாட்டார்கள். பூவால் ஒற்றிக் குளிர வைப்பார்கள்.

"நீங்களே குளிர வெச்சிடுங்களேன்க்கா" என்பேன்.

"வெச்சிட்டா வூடு போயிடுமே, பாப்பா."

இப்போது அங்கே ஓர் ஏரிப் படம் தொங்கியது. அதன் கண்ணாடியில், உள்பக்கமாகப் புகை படிந்திருந்தது. அக்கா சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"போதும் பாப்பா. கண்ணு எரியுதுன்றா எங்கம்மா."

காவலாளி தடுப்பதற்குள் படத்தை நகர்த்தி, கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்தினார்.