சாமியப்பன் தைத்து வைத்த பக்கங்கள்

பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பால் கேன் கட்டிய சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, பால் சொசைட்டியில் வேலை செய்யும் ஆறுமுகம் வகுப்புக்கே வந்து சொன்னார். "சாமியண்ணன் போயிட்டாருங்க டீச்சர். பாலுக்கு டிகிரி பாத்துட்டு இருந்தவரு, அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாரு." நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்த வரியை அப்படியே விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

எல்லையைத் தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்தில் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் சாமியப்பனைத் தெரியும். சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குபவர் அவர்தான் என்பதால், பாலில் தண்ணீர் கலந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் பால் தூக்குப்போசியோடு சொசைட்டி வரிசையில் நிற்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அரை மணி, முக்கால் மணி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார். எல்லாம் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு. கதைப் புத்தகம் கேட்டால் கிடைக்காது. "கதையில என்ன வேணாலும் நடக்குமுங்க. இது நடந்ததுங்க" என்பார். எலிக்கும் கரையானுக்கும் பயந்து புத்தகங்களைப் பழைய பால் கேன் ஒன்றில் போட்டு மூடி வைத்திருந்தார். பதினோரு புத்தகம், பதினொன்றிலும் புளித்த பால் வாசனை. தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று மேலிடத்துக்கு அவர் எழுதிய அபேட்சை மனுக்களுக்குப் பதிலே வராததால், ஒவ்வொன்றும் அவரே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சம்பளம் வாங்கியவள் நான், படிக்க வைத்தவர் அவர். எனக்கு அதில் பொறாமை உண்டு.

ஒருநாள் வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணிடமிருந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கங்கள் திறக்கவில்லை. புண்ணாக்குச் சாக்கு தைக்கும் நூலால், கோணி ஊசி போட்டு இறுகத் தைத்திருந்தது. பதினொன்றும் அப்படித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தை இப்படியா பாழாக்குவது என்று கேட்டேன்.

"அதுல அவுங்க செத்துப்போறது இருக்குதுங்க. இந்தப் புள்ளைங்க ஊட்டுல பாக்காத சாவுங்களா? இவுங்களாச்சும் உசுரோட இருக்கட்டும். சாவு வர்ற பக்கத்தோட நானே நிறுத்திப்போடுவனுங்க, அதுக்கு அக்கட்ட நானும் படிச்சதில்ல."

பிள்ளைகளிடம் பொய் சொல்கிறீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த போசியில் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டார். அன்றிலிருந்து நான் அவரைச் சாக்குத் தையல்காரர் என்று கேலி செய்யத் தொடங்கினேன்.

அன்று என்னிடம் புத்தகத்தைக் கொடுத்தவள் சரசு. தாய் இல்லாத பெண், பன்னிரண்டு வயது. இளம் வயதில் கணவனை இழந்து, அதன்பின் படித்து, ஏழைப் பெண்கள் தங்கிப் படிக்கப் பள்ளி வைத்த ஓர் அம்மையாரின் வரலாறு அது. சரசு அதை ஆறு தடவை படித்தாள். அந்த அம்மாவைப் போல டீச்சராக வேண்டும் என்று என்னிடமே சொன்னாள். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை.

சாமியப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சரசு தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர்களெல்லாம் கஷ்டத்தில்தான் படித்தார்கள் என்று அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவள் அப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங்க சாமியப்பா, அவுங்க ஊட்டுல எல்லாம் மாடு யாருங்க கறந்தாங்க?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மறுவாரம் சாமியப்பன் பள்ளிக்கு வந்து, பதினோரு புத்தகத்தையும் தேடிப் பார்த்துவிட்டதாகவும், அது ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்வி ஊரெல்லாம் பரவியது. புத்தகம் படித்தால் பிள்ளைகள் வேலைக்கு உதவாமல் போய்விடுவார்கள் என்று பெரியவர்களே பால் கொண்டுவரத் தொடங்கினார்கள். சரசுவுக்குப் பதினைந்து வயதில் எல்லைக்கு அந்தப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. சாமியப்பன் கேனைத் திறப்பது குறைந்து, பிறகு நின்றேபோனது.

சாமியப்பனின் சாவு வீட்டுக்குச் சரசு இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பொஸ்தகத்து அம்மா இப்ப எந்த ஊருல இருக்காங்க? கொஞ்சம் வெவரம் வந்ததும் இவளை அங்க கொண்டுபோயி உட்டுப்போடலாம்னு இருக்கனுங்க. சாமியண்ணங்கிட்டக் கேக்கலாம்னு இருந்தன், அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

அத்தனை வருஷம் பொய் என்று அவரைக் கேலி செய்தவள், அந்த நிமிஷம் ஒரு பொய் சொல்ல ஏங்கினேன். எங்கே கொண்டுபோய்விடுவது என்று கேட்பவளிடம் அதுவும் முடியாது. "அவங்க இல்ல சரசு. நீ பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாங்க" என்றேன். அவள் அழவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

சொசைட்டியில் அந்தக் கேனை எனக்குக் கொடுத்தார்கள். பிளேடால் அந்த ஒரு புத்தகத்தின் தையலைப் பிரித்தேன். அம்மையார் இறந்த பக்கத்துக்கு மறுபக்கத்தில், அவருடைய மாணவிகள் பள்ளியைத் தொடர்ந்து நடத்துகிறார்கள், ஏழைப் பெண்களுக்குச் சோறும் படிப்பும் இலவசம், எழுதிக் கேட்கலாம் என்று முகவரியோடு அச்சிட்டிருந்தது. அன்றே எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. பள்ளியை மூடி மூன்று வருஷம் ஆகிறதாம்.

சரசு பால் வரிசையில் நின்று அதை ஆறு தடவை படித்தபோது அந்தப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. சாமியப்பன் இதைத் தெரிந்துகொள்ளாமலே போனது நல்லது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கேலி செய்த நேரத்தில் நான் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் புத்தகக் கேனும் ஒரு கோணி ஊசியும்தான். மற்ற பத்துப் புத்தகங்களின் தையலையும் பிரித்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் கடைசிவரை படிக்கலாம். படிக்கத்தான் வரிசையில் பிள்ளைகள் இல்லை.