பாதி கடலுக்கு, பாதி சீசாவுக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆராய்ச்சியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கடலோரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பீல்டு அட்டெண்டராக வேலை பார்த்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பேசச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். எழுதும்போது எதிரே யாரும் இருப்பதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

1. சீசா கழுவுகிறவன்

என் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே. மிளகாயும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் காடு. வேலை கிடைக்கும்வரை நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை, அதுவும் பள்ளிக்கூடத்தில் ராமேஸ்வரம் கூட்டிப் போனபோது. நீச்சல் தெரியாது. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முதல் நாள் ஸ்டோர் கீப்பர் ஒரு வலையைக் கையில் கொடுத்துக் கழுவி வரச் சொன்னார். புனல் மாதிரி நீண்ட வெள்ளை வலை. வாயில் இரும்பு வளையம், நுனியில் ஒரு சின்ன பக்கெட். வேட்டியைப் பிழிவதுபோல் பிழியப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இது உன் துண்டுன்னு நெனச்சியா? ஒரு இழை விலகுச்சுன்னா பிளாங்டன் பூராம் ஓடிப் போயிரும். இதுக்குத் துணி வெளிநாட்டுல இருந்து வரணும், தெரியுமா?"

பிளாங்டன் என்றால் கடல் தண்ணீரில் மிதந்து திரியும் பொடி உயிர்கள். மீன் முட்டை, அதில் பொரிந்த குஞ்சு, இறால் குஞ்சு எல்லாம் அதில் சேர்த்தி. வெறும் கண்ணுக்குக் கலங்கல் தண்ணீராகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் திருவிழாக் கூட்டம்.

எங்கள் நிலையத்தில் எல்லாத் துறைக்காரர்களும் இருந்தார்கள். தண்ணீரில் உப்பு அளக்கிற கெமிஸ்ட்ரிக்காரர், நீரோட்டம் அளக்கக் கருவி செய்கிற இன்ஜினியர், பாசி வளர்க்கிறவர், மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை அறுத்து வயது பார்க்கிறவர். எல்லோருக்கும் சீசா கழுவியது நான்தான்.

2. "தண்ணி எடுக்கோம்"

தொண்ணூறுகளின் நடுவில் மலர்க்கொடி மேடம் பிஎச்.டி. செய்ய வந்தார். பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பாக் நீரிணையில் எந்த மாதம் எவ்வளவு மீன் முட்டை மிதக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு வருடம், ஒவ்வொரு அமாவாசைக்கும், தங்கச்சிமடத்துக்கு வடக்கே குறித்துவைத்த அதே இடத்தில் வலையை இழுத்துச் சாம்பிள் எடுக்க வேண்டும்.

நிலையத்து விசைப்படகை ஓட்டியது ஆரோக்கியம். தங்கச்சிமடத்துக்காரன். என் வயதுதான். அந்தக் கடலில் ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நாள் நாட்டுப்படகு போகும். ஒருவர் நாளில் மற்றவர் வலை இழுத்தால் சண்டைதான். அமாவாசை கிழமை பார்த்து வருவதில்லை. அதனால் சாம்பிள் எடுக்கிற நாள் நாட்டுப்படகு நாளாக வந்தால், முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் ஆரோக்கியம் ஊர்க் கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். அவர்களும் சரி என்பார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் என்ன சொல்கிறான் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாவது வருடத்துப் பங்குனி வந்தது. முட்டை அதிகம் மிதக்கிற மாதம் அது. அவருடைய கைடு, நாங்கள் சார் என்போம், முந்தின நாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"மலர், இந்தப் பங்குனி கையில இல்லைன்னா போன பங்குனியும் வீண். ஒப்பிட ஒண்ணுமே இருக்காது. இன்னொரு வருஷம் காத்திருக்கலாம், ஆனா ஸ்காலர்ஷிப் இந்த மாசத்தோட முடியுது."

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "எங்கய்யா இன்னொரு வருசமெல்லாம் விட மாட்டாருண்ணே. மாப்பிள்ளை பாத்து வச்சுட்டுத்தான் கேப்பாரு" என்றார்.

3. ஐந்து வத்தைகள்

அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பாயை விரித்துத் தூரம் போக வேண்டிய வத்தைகள், அதாவது நாட்டுப்படகுகள், காற்று இல்லாமல் எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றன. மற்ற மாதங்களில் அவை அடிவானத்தில் புள்ளியாகத்தான் தெரியும்.

நாங்கள் வலையை இழுத்து முடித்தோம். பக்கெட்டில் இருந்ததைப் பெரிய ஜாடியில் ஊற்றினேன். கஞ்சி மாதிரி இருந்தது. மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கெடாமல் வைக்கிற பார்மலின் மருந்தை ஊற்றுவதற்காக நான் கேனைத் திறந்தபோது வத்தைகள் துடுப்புப் போட்டு வந்து எங்களைச் சுற்றிக்கொண்டன.

முன்னால் நின்றவர் சவரிமுத்து. கமிட்டியில் பெரிய ஆள். கையை நீட்டி எங்கள் வலையின் நுனியைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே ஆரோக்கியம், இதென்னலே கொசுவலை?"

ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டான்.

"தண்ணி எடுக்கோம் மாமா, தண்ணி எடுக்கோம் மாமான்னு ரெண்டு வருசமா சொன்னியே. தண்ணிய வலை போட்டா எடுக்காக?"

அப்போதுதான் எங்களுக்கும் விஷயம் புரிந்தது. வலை என்று சொன்னால் விட மாட்டார்கள் என்று அவன் அந்த வார்த்தையையே சொல்லாமல் இருந்திருக்கிறான். பின்னால் இருந்த வத்தையில் ஒருவர் கத்தியை எடுத்தார். விசைப்படகு அவர்கள் நாளில் வலை போட்டால் அறுத்துவிடுவார்கள். அது அங்கே வழக்கம். எங்களிடம் இருந்தது ஒரே வலை.

சவரிமுத்து மேடத்தைப் பார்த்தார். "ஏந்தாயி, நீ சொல்லு. இதுல என்ன பிடிக்கீக?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். "மீன் முட்டை ஐயா. குஞ்சும் வரும்."

ஆரோக்கியம் கண்ணை மூடிக்கொண்டான். பெரிய கண் வலைதான் போட வேண்டும், குஞ்சை அள்ளக் கூடாது என்று விசைப்படகுக்காரரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிற ஆட்கள் அவர்கள். அவர்களிடம் போய் முட்டையைப் பிடிக்கிறோம் என்றால் எப்படியிருக்கும்.

"கத்திய உள்ள வைலே" என்றார் சவரிமுத்து. "ஊரு பாக்கட்டும். ஒண்ணுலயும் கை வைக்கப்படாது. படகத் திருப்பு."

4. ஏலக் கொட்டகை

கரையில் மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் எங்களை உட்கார வைத்தார்கள். நடுவில் வலை, ஜாடி, பார்மலின் கேன். வெயில் ஏற ஏற ஜாடிக்குள் இருப்பது கெட்டுப்போகும். முட்டை வெளுத்துவிடும். பெரியது சின்னதைத் தின்றுவிடும். பிறகு எண்ணி என்ன பயன்? மேடம் தன் துண்டை நனைத்து ஜாடியைச் சுற்றினார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

பெண்களும் வந்து கூடினார்கள். மீன் விற்கிற பிலோமி அக்கா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? எங்க வீட்டு நீச்சத்தண்ணி இதவிடக் கெட்டியா இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை.

மேடம் எழுந்தார். "ஐயா, கூட்டம் எப்ப வேணா பேசுங்க. நான் உக்காந்திருக்கேன். இதுல கொஞ்சம் மருந்து மட்டும் ஊத்திக்கிறேன். இல்லைன்னா கெட்டுரும்."

"மருந்து ஊத்துனா என்னாகும்?"

"அப்படியே இருக்கும். கெடாது."

"உசிரோடயா?"

"இல்லை ஐயா. செத்துரும்."

"இப்ப உசிரோட இருக்கா?"

"பெரும்பாலும் இருக்கு."

"அப்பச் சரி" என்றார் சவரிமுத்து. "கொண்டு போய்க் கடல்ல விடு. வலைய எடுத்துக்கிட்டுப் போ. நாங்க ஒண்ணும் அறுக்கல."

கூட்டம் அதுதான் சரி என்றது. எனக்கே அது சரியென்றுதான் பட்டது. அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஜாடி போனால் பங்குனி போகும், பங்குனி போனால் மேடத்தின் இரண்டு வருடமும் போகும். மேடம் அழுதிருந்தால்கூட அவர்கள் இரங்கியிருப்பார்கள். அவர் அழவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"பாதிய விடுறேன்."

லேபிலும் அப்படித்தான் செய்வோம். முழுவதையும் எண்ண முடியாது. நடுவில் தகடு வைத்த பெட்டியில் ஊற்றிச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை எண்ணி இரண்டால் பெருக்குவோம். பாதி சரியான பாதியாக இருந்தால் போதும். அந்தப் பெட்டி அன்று நிலையத்தில் இருந்தது.

பிலோமி அக்கா விடவில்லை. "பாதின்னு யாரு கண்டா? மேலாப்புல தெளிஞ்ச தண்ணிய ஊத்திட்டு அடியில உள்ளத வச்சுக்கிருவா. படிச்ச பிள்ளைல்ல."

சவரிமுத்து யோசித்தார். "அப்பக் கூறு வைப்போம்" என்றார்.

5. கூறு

கூறு வைப்பது அவர்கள் தினமும் செய்கிற வேலை. கறிக்கு எடுத்த மீனைக் கூறு கூறாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். அதன் பிறகு பேச்சு கிடையாது.

பிலோமி அக்கா வீட்டிலிருந்து குழம்புக் கரண்டி வந்தது. மேடம் ஜாடியை வட்டமாக ஆட்டாமல், முன்னும் பின்னுமாகக் கலக்கினார். வட்டமாக ஆட்டினால் கனமானது நடுவில் சேர்ந்துவிடும். இரண்டு காலி சீசாக்களில் மாற்றி மாற்றிக் கரண்டியால் ஊற்றினார். கொட்டகையில் இரண்டு சீசாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எனக்கென்னவோ ஒன்று கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது, முட்டை அதில்தான் கூடுதலோ என்று பட்டது.

"யாரு திரும்பி நிக்கிறது? ஆரோக்கியம் ஆகாது" என்றார் ஒருவர்.

சவரிமுத்து சுற்றிப் பார்த்தார். கண் என் மேல் நின்றது. "நீ எந்த ஊரு?"

நான் வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"காட்டு ஊரா? அப்ப உனக்குக் கடலும் இல்ல, எங்க பக்கமும் இல்ல. நீ நில்லு."

"அவரு நிலையத்து ஆளுல்ல" என்றார் பிலோமி அக்கா.

"முகத்தப் பாருடி. இவனா களவு பண்ணப் போறான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரும்பி நின்றேன். எதிரே கோயில் சுவர். அதில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் சீசாக்களை மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. மஞ்சளாகத் தெரிந்தது கடலுக்குப் போனால் எண்ணிக்கை குறைந்து, பங்குனியில் முட்டை இல்லை என்று மேடத்தின் தீசிஸில் வரும். மற்றது போனால், மேடம் கூடுதலாக வைத்துக்கொண்டார் என்று ஊர் பேசும். இரண்டையும் நான் சொல்லப் போகிற ஒரு வார்த்தை செய்யும்.

"இது யாருக்கு?" என்றார் சவரிமுத்து.

நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, கேக்கேன்ல. இது யாருக்கு?"

"கடலுக்கு" என்றேன்.

யாரோ மணலில் நடந்து போகிற சத்தம். பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நான் திரும்பிப் பார்த்தபோது மேடம் மிச்சமிருந்த சீசாவில் பார்மலின் ஊற்றிக்கொண்டிருந்தார். அது மஞ்சளாக இருந்ததா என்று பார்த்தேன். தனியாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை.

பிலோமி அக்கா கரண்டியை முகர்ந்து பார்த்தார். "இனிமே இதுல குழம்பு ஊத்துனா எம்புருசன் கண்டுபிடிச்சுருவான்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போனார்.

ஆரோக்கியத்துக்குக் கமிட்டி தனியாகத் தீர்ப்புச் சொன்னது. ஊருக்குச் சொன்னது பொய் என்பதால், கோயில் திருவிழா வரைக்கும் அவன் எந்தப் படகிலும் கால் வைக்கக் கூடாது. எங்களுக்கும் ஒரு நிபந்தனை. இனி வலை போடுவதாக இருந்தால் வத்தைக்காரர் ஒருவரையும் எங்களோடு ஏற்றிக்கொள்ள வேண்டும், எடுத்ததை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

மேடம் பாதியை எண்ணி இரண்டால் பெருக்கினார். தீசிஸில் அந்த மாதத்துக்குக் கீழே, இந்தச் சாம்பிள் கரையில் கூறு வைத்துப் பிரிக்கப்பட்டது என்று எழுதினார். வேண்டாமே என்றார் சார். மேடம் அந்த வரியை நீக்கவில்லை. வாய்மொழித் தேர்வான வைவாவில் அதைத்தான் முதலில் கேட்டார்களாம். நடந்ததை அப்படியே சொன்னாராம். டாக்டர் பட்டம் கிடைத்தது. அது சரியான பாதிதானா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்தவர் கடலில் போய் எதை எடுத்தாலும் அதன் பெயரைச் சொல்லி எடுங்கள். நமக்காகச் சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். அன்று மேடம் சொன்ன உண்மையால் வம்பு கூடியது நிஜம். ஆனால் கூறு வைக்க அவர்கள் ஒப்புக்கொண்டதும் அந்த உண்மையால்தான் என்று நினைக்கிறேன்.

கூறு வைத்த மறுநாள் நிலையத்துப் படகை எடுக்கவில்லை. ஆரோக்கியம் பஸ்ஸில் வந்து, என்னோடு உட்கார்ந்து சீசா கழுவினான்.